இரண்டு தட்டுகள்

அன்புள்ள ஐயா,

சிசிலித் தீவின் கல்தஜிரோனே ஊரில் கையால் வண்ணம் தீட்டிய இரண்டு பீங்கான் தட்டுகள் வாங்கினேன். ஒரே ஜோடி என்றார்கள். ஆனால் ஒன்றில் இலைகள் தடித்திருக்கின்றன, மற்றதில் மெலிந்திருக்கின்றன. போதாததற்கு ஒன்றில் ஊசித்துளைகளும் உள்ளன. ஏமாந்துவிட்டேனா? தோழியோ, "பிழைதான் கைவேலையின் அழகு" என்கிறாள். இவற்றில் சாப்பிடலாமா? பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாமா?

கே.

அன்புள்ள கே.,

இயந்திரம் வேண்டாம், கையால் கழுவுங்கள். உணவுக்கு உகந்தவை என்று விற்றவர் உறுதி சொல்லாதவரை, அவற்றில் புளிப்பான எதையும் பரிமாறாதீர்கள். சிலவகை மெருகுகளில், அதாவது மேலே கண்ணாடிபோல் படியும் பூச்சுகளில், ஈயம் இருக்கும். மேலும், அவை பீங்கான் அல்ல. மயோலிகா என்னும் சுட்ட களிமண் கலங்கள். மெருகிட்ட மட்கலக் கலையை அத்தீவில் வேரூன்றச் செய்தவர்கள் 9ஆம் நூற்றாண்டில் அங்கே வந்திறங்கிய அராபியர்.

உங்கள் தோழியின் வாக்கியம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது, ஏனென்றால் ஒருகாலத்தில் நானும் அதையே சொன்னேன். அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் ஒரு முதியவரின் அருகே ஒரு பிற்பகல் முழுவதும் அமர்ந்திருந்தேன். ஒருமுறை சுட்ட தட்டை வெள்ளீயம் கலந்த வெண்பூச்சில் முக்கியெடுத்துக் காயவைத்திருந்தார்; அது புதிதாகச் சுண்ணாம்படித்த சுவரைப்போல, தூரிகை பட்ட கணமே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. இழுத்த கோட்டை அழிக்க வழியில்லை. தீட்டும்போது மங்கலாகத் தெரியும் கோபால்ட் வண்ணம், 900 பாகை செல்சியஸுக்கு மேல் சூளையில் வெந்த பிறகே நீலமாகும் என்பதால், கண்ணை நம்பாமல் கையை நம்பி வரைய வேண்டும். ஒரு தட்டில் இலையொன்று கோணிவிட்டது. இதுதான் எல்லாவற்றிலும் அழகு என்று நான் உருகிப்போய்ச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. ஈரப் பஞ்சை எடுத்து, செம்மண் நிறம் தெரியும்வரை அத்தட்டின் பூச்சு முழுவதையும் கழுவி, ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த தட்டை எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான், பாராட்டு என்று எண்ணி நான் சொன்னது அவருக்கு எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று உறைத்தது.

பிழையை அழகென்று கொண்டாடுவது கைவினைஞரைக் குழந்தையாக நடத்துவது. வேறுபாடு வேண்டுமென்றால் அவர்கள் அதை எண்ணியே செய்வார்கள். அவ்வூரின் சாந்தா மரியா தெல் மோந்தே படிக்கட்டில் 142 படிகள். 1954இல் அவற்றின் முகப்புகளில் ஓடுகள் பதித்தபோது படிக்குப் படி கோலத்தை மாற்றினார்கள். அது கை தவறி வந்த மாற்றமா?

ஊசித்துளை குறைதான், சூட்டில் மண்ணிலிருந்து வெளியேறிய வாயு பூச்சைத் துளைத்திருக்கிறது. அதைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்றிருக்க வேண்டும். இலைகள் அப்படியல்ல. தடித்தவை தூரிகையில் வண்ணம் நிறைந்திருந்தபோது விழுந்தவை, மெலிந்தவை அது வற்றும்போது விழுந்தவை. இரண்டையும் ஒன்றுபோலாக்கவே அந்தக் கை முயன்றிருக்கிறது. நம்பிக்கையில்லை என்றால் தட்டுகளின் விளிம்பில் ஓடும் கோட்டைப் பாருங்கள். சுழலும் சக்கரத்தில் தட்டை வைத்து ஒரே மூச்சில் இழுப்பது அது. தொடங்கிய இடமும் முடிந்த இடமும் எங்கே சேர்கின்றன என்று உங்களால் கண்டுபிடிக்க முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.