மலை ஊர்க்காரர்கள் ஒரே ஸ்வெட்டரை வாரக்கணக்கில் துவைக்காமல் அணிகிறார்களே, அது அசுத்தம் இல்லையா?

நீங்கள் சமவெளியிலிருந்து மாற்றலாகி நீலகிரிக்கு வந்தவராக இருக்க வேண்டும். அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரின் ஸ்வெட்டரைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை 1993-ல் என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அதனால் பதில் சற்று நீளும்.

கோத்தகிரி அருகே ஒரு தேயிலைக் கிராமம் எங்களுடையது. தொட்டபெட்டா சிகரம் மறைத்து நிற்பதால் ஆடி மழை எங்களுக்குக் குறைவு. ஐப்பசி பிறந்தால் கார்த்திகை முடியும்வரை மேகம் வாசலிலேயே கிடக்கும். காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கும்போது துணியின் ஈரம் எங்கே போகும்? கொடியில் போட்ட பருத்திச் சட்டை காய மூன்று நாள் ஆகும். கம்பளி ஒரு வாரம் தொங்கும், அதற்குள் முடைநாற்றம் பிடித்துவிடும். எனவே அம்மா உள்சட்டையைத் தினமும் மாற்றச் சொல்வார். ஸ்வெட்டரை வெயில் தலைகாட்டிய நேரத்தில் உள்புறம் திருப்பிக் கொடியில் போடுவார், கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றியெடுப்பார். பங்குனி வெயிலில்தான் முழுதாக அலசுவார். நாங்கள் குளிப்பதே இல்லை என்று யாரும் இங்கே எழுதிவிட வேண்டாம். குளியல் வேறு, கம்பளி வேறு.

கல்லூரிக்குக் கோவை விடுதியில் சேர்ந்தபோது அம்மா பின்னிய நீல ஸ்வெட்டரைக் கொண்டுபோனேன். கொழுந்து பறித்துவிட்டு வந்து, இரவில் அடுப்படியில் உட்கார்ந்து ஒரு மழைக்காலம் முழுக்கப் பின்னியது. மார்கழிக் காலையில் அதை அணிந்து சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனேன். விறகுப் புகை வாடை அடிக்கிறது என்று அறைத் தோழிகள் ஏற்கெனவே புகார் சொல்லியிருந்தார்கள். விடுதிக் காப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் அதன் கையை இரு விரலால் தூக்கிப் பிடித்து, “உங்கள் மலையில் தண்ணீரே கிடையாதா?” என்று கேட்டார். அந்தச் சிரிப்பொலி இப்போதும் காதில் இருக்கிறது.

அன்றிரவே கொதிக்கக் கொதிக்க வெந்நீர் பிடித்து, பார் சோப்பும் பிரஷும் போட்டுத் தேய்த்தேன். காய்ந்தபோது ஐந்து வயதுக் குழந்தைக்குத்தான் பொருந்தும் அளவில், அட்டை போல விறைத்திருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு எடுத்துப்போனேன். அம்மா திட்டவில்லை. நூலைப் பிரித்து மறுபடி பின்னிவிடலாம் என்று விளக்கடியில் வைத்து ஒரு முனையைத் தேடினார். வெகுநேரம் தேடினார். பிரியவில்லை.

ஏன் பிரியவில்லை என்பதைப் பின்னால் மனையியல் ஆசிரியையாகப் பயிற்சி பெற்றபோதுதான் படித்தேன். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடும் சோப்பின் காரமும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிவிடும். இறுகியது இறுகியதுதான். அதே கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் நனைந்ததாகவே தெரியாமல் உள்ளே வாங்கி, காற்றுப்பட்டால் வெளியே விட்டுவிடும். அம்மா கொடியில் போட்டதன் பொருள் அதுதான்.

ஆய்வு காட்டு என்பவர்களுக்கு: பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 26 பேரை மிதிவண்டிப் பயிற்சி செய்யவைத்து அவர்களுடைய சட்டைகளைச் சோதித்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில் பருத்தியைவிட பாலியெஸ்டரில்தான் நாற்றம் அதிகம். அதாவது, நாற்றம் இழையையும் பொறுத்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் ஒரே ஜீன்ஸை 15 மாதம் துவைக்காமல் அணிந்தார். பிறகு துவைத்து 13 நாள் அணிந்து பார்த்தபோதும் பாக்டீரியா அளவு கிட்டத்தட்ட அதேதான். ஜீன்ஸும் ஸ்வெட்டரும் ஒன்றா, கனடாவும் நம் ஊரும் ஒன்றா என்பீர்கள். ஒன்றல்ல. உள்சட்டையைத் துவைக்காதே என்றும் நான் சொல்லவில்லை. நாள் எண்ணித் துவைப்பதே சுத்தம் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். என் மகளின் பள்ளியில் குறிப்பிட்ட ஒரு கடையில்தான் ஸ்வெட்டர் வாங்க வேண்டும் என்றார்கள். கம்பளி விலை கொடுத்தோம். பிரித்த நூலைத் தீயில் காட்டினேன். முடி கருகும் வாடை வரவேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் போல உருகிச் சொட்டியது. முழுக்க அக்ரிலிக் என்ற செயற்கை இழை. மழையில் நனைந்து நடுங்கும் பிள்ளைகளுக்கு இதை விற்கிறார்கள். கேட்டால், “துவைக்க எளிது” என்கிறார்கள்!

நீங்கள் கம்பளி வாங்கினால், துவைத்தே ஆகவேண்டிய நாளில் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றிவிட்டுத் தட்டையாக விரியுங்கள். காயவில்லையே என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கரி அடுப்பை மட்டும் மூட்டிவிடாதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுக்காற்றுக்கு வாடையே கிடையாது, குளிர்கால இரவுகளில் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். வெயில் வரும்வரை ஸ்வெட்டர் காத்திருக்கட்டும்.