எலக்ட்ரிக் கார் வாங்கலாமா? வேலூர்ப் பக்கத்து வாசகர்கள் கேட்டவை

காட்பாடி வாசகர்: சார், தினமும் ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் 1,100 கிலோமீட்டர் ஓடும். சொந்த வீடு, கார் நிறுத்த இடமும் இருக்கிறது. கட்டுப்படியாகுமா?

உங்களுக்குத் தாராளமாகக் கட்டுப்படியாகும். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய் பங்க்கிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு எலக்ட்ரிக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 170 யூனிட் அளவில்தான் எடுக்கும். ஆனால் நம்ம ஈபி கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அதனால் பில்லில் 340 யூனிட் கூடும், ஏற்கெனவே ஏசி ஓடுகிற வீடு என்றால் 500-ஐத் தாண்டிவிடும், தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ் ஸ்லாபுக்கும் விலை ஏறும். ஷோரூமில் சொல்கிற 'கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்' கணக்கில் இது வராது. யூனிட் 10 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 1,700 ரூபாய்தான் ஆகிறது. பெட்ரோல் காரைவிட 3 லட்சம் கூடக் கொடுத்து வாங்கினாலும் ஐந்து வருடத்துக்குள் ஈடாகிவிடும். மாதம் 400 கிலோமீட்டர்கூட ஓடாத வீட்டில் லாபத்தை நினைத்து வாங்க வேண்டாம்.

சத்துவாச்சாரி வாசகி: மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், கார் தெருவில்தான் நிற்கும். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து சார்ஜ் போடலாம் என்கிறார் என் கணவர். சரியா சார்?

வேண்டாம்மா, தயவுசெய்து வேண்டாம். கெய்சர் பத்து நிமிடத்தில் நின்றுவிடும், கார் சார்ஜரோ ராத்திரி முழுக்க, எட்டு மணி நேரம் பத்து மணி நேரம், 3 கிலோவாட்டை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். மெலிந்த வயரும் தளர்ந்த பிளக்கும் சூடாகி உருகுவது இப்படித்தான். 2022 மார்ச்சில் நம்ம ஊர் அல்லாபுரத்தில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அது ஸ்கூட்டர்தான், காரின் பேட்டரியில் பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்னும் அதிகம் என்பதும் உண்மைதான், ஆனால் வீட்டு வயரிங் இரண்டுக்கும் ஒன்றுதானே. வீட்டு ஓனரிடம் பேசிப் பாருங்கள்: கீழே ஒரு இடம், மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 16 ஆம்ப் பாயின்ட், அதற்கென எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைவது), நல்ல எர்த். எர்த் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் வாயால் சொன்னால் போதாது, மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்கியிருக்கிற லோடு போதுமா என்றும் ஈபி ஆபீசில் கேட்டுவிடுங்கள். வெளியே போகிற ஒரே வழியை மறித்து எந்த மின் வண்டியையும் சார்ஜ் போடாதீர்கள். ஓனர் ஒத்துக்கொள்ளவில்லையா, இந்த வீட்டில் இருக்கும்வரை எலக்ட்ரிக் கார் உங்களுக்கு வேண்டாம். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாயை ஒட்டி வரும், காத்திருக்கும் நேரம் தனி.

குடியாத்தம் வாசகர்: நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலுக்கு பேட்டரி தாங்குமா?

தாங்கும், ஆனால் வெயில் ஆயுளைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்யும். எல்எஃப்பி என்கிற இரும்பு பாஸ்பேட் பேட்டரி சூட்டை நன்றாகவே சமாளிக்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் அதில் குறைவு. வாங்கும்போது எந்த வகை பேட்டரி என்று கட்டாயம் கேளுங்கள். 100 சதவீதம் ஏற்றிவிட்டு நாள்கணக்கில் வெயிலில் நிறுத்தாதீர்கள், ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ராத்திரி போடுங்கள். அப்புறம், ஆஸ்பத்திரி வாசலில் ஆளுக்காகக் காத்திருக்கும்போது ஏசி போட்டுக்கொண்டு உட்காரலாம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட், ஒன்றரை யூனிட்தான் ஆகும்.

வாணியம்பாடி வாசகர்: ஏலகிரி ஏறுமா? பெங்களூரு போய் வர ஒரே சார்ஜ் போதுமா?

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பெட்ரோல் காரைவிடச் சுலபமாக ஏறும், மோட்டாரின் இழுவை முதல் நொடியிலிருந்தே முழுசாகக் கிடைக்கும். ஒன்றரை டன் காரை ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 3 யூனிட் போதும், ஓடுகிற தூரத்துக்கான செலவு மட்டும் தனி. இறங்கும்போது மோட்டாரே பிரேக் மாதிரி பிடித்து அதில் ஒரு பங்கைத் திருப்பி ஏற்றும். ஒன்றே ஒன்று, மேலே தங்கினால் பேட்டரியை முழுசாக நிரப்பிவிட்டு இறங்காதீர்கள், நிறைந்த பேட்டரியில் திரும்ப ஏற்ற இடமிருக்காது, முழுப் பாரமும் சாதா பிரேக்குக்கு வரும்.

பெங்களூரு போய் வர 290 கிலோமீட்டர் ஆகும். கம்பெனி 450 என்று போட்டிருந்தால் ஹைவேயில் 300 எதிர்பாருங்கள், 100-க்கு மேல் விரட்டினால் அதுவும் வராது. போகும்போது, பெங்களூரு உங்கள் ஊரைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் சார்ஜ் வேகமாக இறங்குவது போலத் தெரியும், பதற வேண்டாம், திரும்பும்போது குறைவாகவே எடுக்கும். இருந்தாலும் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ ஒரு டீ நேரம் சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: நிலக்கரியில் எடுத்த கரண்டில்தானே ஓடுகிறது? நாளைக்கு இந்த பேட்டரிக் கழிவும், மூடிப்போன கெமிக்கல் தொழிற்சாலை நம்ம ஊரில் விட்டுப்போன குரோமியக் குப்பை மாதிரி ஆகிவிடாதா?

நியாயமான பயம். நாட்டின் கரண்டில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான், பேட்டரி செய்யும்போதும் புகை அதிகம். அப்படியும் பல வருடம் ஓட்டிப் பார்த்தால் மொத்தப் புகை பெட்ரோல் காரைவிடக் குறைவு, மாடியில் சோலார் வைத்தால் இன்னும் குறையும். பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022 பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. விதி இருந்தால் போதாது என்று உங்கள் ஊருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நிலத்தடி நீரில் அதைப் பார்த்தவர்கள் நீங்கள். பழைய பேட்டரியை எடைக்கடையில் போடாதீர்கள், கம்பெனியிடமே ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

ஆற்காடு வாசகர்: பழைய எலக்ட்ரிக் கார் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கிய ரிப்போர்ட் எடுத்துத் தந்தால் மட்டும் யோசியுங்கள். பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், அது இரண்டாவது ஓனருக்கும் செல்லுமா என்பதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.