கேமராவ யூஎஸ்பில சொருகினா சார்ஜ் ஏறுது, ஆனா கம்ப்யூட்டர்ல காட்ட மாட்டேங்குது, ஏன்?

முக்காவாசி நேரம் கேபிள்தாங்க காரணம். யூஎஸ்பி 2.0 கேபிளுக்குள்ள நாலு கம்பி, ரெண்டு கரண்டுக்கு ரெண்டு டேட்டாவுக்கு, சில மட்டமான சார்ஜிங் கேபிள்ல அந்த டேட்டா கம்பியே இருக்காது. நானும் ஒரு ஞாயித்துக்கிழம பூரா கேமராவ கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிற சாஃப்ட்வேர், அதான் டிரைவர், அத தேடிக்கிட்டு கெடந்தேன், கடைசில கேபிள மாத்துனதும் ‘டிங்’னு சத்தம் வந்துச்சு பாருங்க, சிரிப்பா இருந்துச்சு.

கேமரா ஆன்ல இருக்கான்னு பாருங்க, சில மாடல்ல வைஃபை ஆன்ல இருந்தாலும் யூஎஸ்பி எடுக்காது.

அதுக்கும் மசியலன்னா மெமரி கார்ட உருவி கார்டு ரீடர்ல போடுங்க, ஆனா 64 ஜிபி கார்டுன்னா அது எஸ்டிஎக்ஸ்சிங்கிற பெரிய கொள்ளளவு வகை, 32 ஜிபி வரைக்குமே தெரிஞ்ச பழைய ரீடர், பழைய விண்டோஸ் எக்ஸ்பி எல்லாம் அத படிக்காம முழிக்கும், ‘ஃபார்மட் பண்ணவா’ன்னு வேற கேக்கும். தப்பித்தவறிகூட ஓகே குடுத்துராதீங்க, கார்டுல இருக்கற படமெல்லாம் அழிஞ்சிரும், கேன்சல் பண்ணிட்டு வேற ரீடர்ல போட்டுப் பாருங்க.