புதுப் பேட்டரி போட்டும் மங்கும் விளக்கு: எர்த் பட்டையைப் பாருங்கள்

வணக்கம் ஐயா. பேட்டரியை மாற்றிய பின்னும் உங்கள் பழைய டைனமோ (ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றும் பழைய வகைக் கருவி) வண்டி காலையில் 'டக்' என்ற ஒற்றை ஓசையோடு நின்றுவிடுவதாகவும், இரவில் தொப்பூர் கணவாய் ஏறும்போது முகப்பு விளக்கு மங்குவதாகவும் பாலக்கோட்டிலிருந்து எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து இன்னொரு பேட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள்.

இரவு முழுதும் நின்ற வண்டியில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்தின், அதாவது வண்டியின் பாடியோடு இணையும் முனையின், மேலேயே (அதைப் பிடித்திருக்கும் ஒயர் கிளாம்ப்பின் மேல் அல்ல), மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பில் வைத்து, வீட்டில் ஒருவரை ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் பாதையில்தான் இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் என் அம்பாசடருக்கும் இதுவே நேர்ந்தது. பேட்டரியைப் பாடியோடு இணைக்கும் எர்த் பட்டை வெளியே பளிச்சென்றிருந்தது; கழற்றியபோது, அதன் முனையில் போல்ட் நுழையும் தகடான லக்கின் அடியில் பச்சைக் களிம்பும், அது அமரும் பாடியில் பெயிண்டும் இருந்தன. இரும்பு மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் வாசலின் பூசினேன். விளக்கு அன்றிரவே தெளிந்தது.

ஐடிலில் டாஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் விளக்கு லேசாக எரிவது டைனமோ வண்டிக்கு இயல்பு. வேகம் கூட்டியும் அது அணையாமல், பேட்டரியில் 13.5 வோல்ட்டைத் தொடவில்லையென்றால், பெல்ட்டின் தளர்வையும் கார்பன் பிரஷ்ஷின் தேய்மானத்தையும் பாருங்கள். சோதிப்பதற்காக, ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றுமாறு சிலர் சொல்வார்கள். டைனமோவின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிடும், செய்யாதீர்கள். மீட்டர் காட்டும் மூன்று அளவுகளையும் எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம்.