கேட்டீங்க, சொல்றோம்: போட் மெயில்ல வந்த டிரங்கு பெட்டி

கே: ஆளவந்தார் கொலை கேஸ்னு எங்க பாட்டி அடிக்கடி சொல்லும், அப்படி என்னதான் அதுல? (மானாமதுரை வாசகி)

ப: உங்க ஊர் ஸ்டேஷன்லதாங்க அது வெளியவே வந்துச்சு! 1952 ஆகஸ்ட் கடைசி, எழும்பூர்லேர்ந்து தனுஷ்கோடி போயிட்டிருந்த போட் மெயில் ரயில்ல நாத்தம் தாங்க முடியலன்னு பயணிங்க சத்தம் போட, மானாமதுரைல போலீஸ் வந்து ஒரு டிரங்கு பெட்டிய திறந்தா உள்ள தலையில்லாத ஆம்பள உடம்பு, கால்ல பச்ச கலர் சாக்ஸ் மட்டும் பத்திரமா இருக்கு. இங்க மெட்ராஸ்ல, சைனா பஜார்ல பிளாஸ்டிக் சாமான் வித்துட்டிருந்த ஆளவந்தார காணோம்னு அவர் வீட்டம்மா தவிச்சிட்டிருக்காங்க. அப்புறம் ராயபுரம் கடற்கரை மணல்ல, பிரவுன் சட்டைல சுத்தி ஒரு தலை கெடச்சுது.

தலை ஒரு ஊர்ல, உடம்பு 400 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, எப்படி சேக்கறது? மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் டாக்டர் சி.பி.கோபாலகிருஷ்ணன் பாத்து ரெண்டும் ஒரே ஆளோடதுதான்னு சொன்னார். அத விட முக்கியமான விஷயம், ஆளவந்தார் யுத்த காலத்துல பட்டாளத்துல இருந்தவரு, அந்த ரெக்கார்டுல இருந்த கைரேகையும் பொணத்தோட ரேகையும் அப்படியே பொருந்திடுச்சு. ஆள் தெரியக்கூடாதுன்னு தலைய வெட்டுன மகராசனுக்கு விரல் ஞாபகமே வரல பாருங்க.

கே: அவ்ளோ கொடூரம் பண்ணியும் தூக்கு இல்லையாமே? (சேலம் வாசகர்)

ப: இல்ல. மாட்டுனது ஆளவந்தாருக்கு முன்னாடி பழக்கமான ஒரு பொண்ணும் அவங்க புருஷனும், பம்பாய் வரைக்கும் ஓடிப் போய் புடிபட்டாங்க. ஹைகோர்ட்ல விசாரிச்சது ஜஸ்டிஸ் ஏ.எஸ்.பி.அய்யர், கதை நாடகம்லாம் எழுதுன மனுஷன். 1953 ஆகஸ்ட்ல புருஷனுக்கு 7 வருஷம், பொண்டாட்டிக்கு 3 வருஷம், அவ்ளோதான். வெட்டி பெட்டில அடைச்சத நினைச்சா எனக்கு இது கம்மியாத்தான் தோணுது, ஆனா அன்னிக்கு ஊர்ல பாதி பேரு அந்தப் பொண்ணு பக்கம்னு பெரியவங்க சொல்லுவாங்க.

கே: பாகவதர் நிஜமாவே கொலை பண்ணாரா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: அந்தக் கால சினிமா ஹீரோ எம்.கே.தியாகராஜ பாகவதரத்தானே கேக்கறீங்க? கடைசில கோர்ட் சொன்னது இல்லன்னுதான். 1944 நவம்பர்ல வேப்பேரில மஞ்சப் பத்திரிக்கை லட்சுமிகாந்தன குத்திட்டாங்க, மறுநாள் செத்துட்டாரு. அதுக்கு சதி பண்ணாங்கன்னு பாகவதருக்கும் காமெடி நடிகர் என்.எஸ்.கே.வுக்கும் ஆயுள் தண்டனை. லண்டன் ப்ரிவி கவுன்சில் வரை போய் கேஸ் திரும்பி வந்து, 1947ல விடுதலை. பாகவதர் உள்ள இருந்தப்பவும் அவர் நடிச்ச 'ஹரிதாஸ்' மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல ஓடிட்டே இருந்துச்சு, மூணு தீபாவளி! வெளிய வந்தப்புறம் நடிச்ச படம்தான் ஒண்ணும் போகல.

கே: ஆட்டோ சங்கர் கேஸ லா காலேஜ்ல எதுக்கு படிக்கறாங்க? (கோவை வாசகி)

ப: கொலைக்காக இல்லைங்க. தொடர் கொலைகளுக்காக தூக்கு தண்டனை வாங்குன ஆட்டோ சங்கர் ஜெயில்லேர்ந்து எழுதுன வாழ்க்கை வரலாறை 'நக்கீரன்' பத்திரிக்கை போடலாமா கூடாதான்னு சுப்ரீம் கோர்ட் வரை போச்சு. 1994ல போடலாம்னு தீர்ப்பு, தனிமனித அந்தரங்கம் பத்தியும் அதுலதான் பேசுனாங்க. அடுத்த வருஷம் ஏப்ரல்ல சேலம் ஜெயில்ல அவன தூக்குல போட்டாங்க.