மூன்று சக்கர மூடு வண்டி: அகலத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

கேள்வி: பெங்களூர் ராமமூர்த்தி நகரில் குடியிருக்கிறேன். பீன்யாவில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். ஹெப்பாள் வழியாக ரிங் ரோட்டில் போய்வர 40 கிலோமீட்டர் ஆகிறது. பாதி வழியில் நாகவாராவில் மனைவியை அலுவலகத்தில் இறக்கிவிட வேண்டும். ஸ்கூட்டரில் மழையும் தூசியும் தாங்க முடியவில்லை, காரோ நெரிசலில் நகர்வதே இல்லை. பழைய ஆட்டோ ஒன்றை வாங்கி, சேஸிஸை 90 செ.மீ. அகலத்துக்குக் குறுக்கி, மின்மோட்டார் வைத்து, ஃபைபர் கூடு போட்டு, இரண்டு பேர் போகும் மூடிய வண்டி செய்ய நினைக்கிறேன். பட்ஜெட் இரண்டு லட்சம். சக்கரம் முன்னால் ஒன்றா, பின்னால் ஒன்றா? மோட்டார், பேட்டரி எந்த அளவு? ஆர்.டி.ஓ.வில் பதிவாகுமா? படம் அனுப்பியிருக்கிறேன் ஐயா.

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதில் தெரியாமல் பட்டறையில் ஒரு குழாயைக்கூட வெட்ட வேண்டாம்.

பதிவான ஆட்டோவை வெட்டி வேறு வண்டியாக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தராது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் வண்டிக்கும் பொருத்தம் இருந்தாக வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. புது வண்டி என்று போனால் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆம் விதி குறுக்கே வரும். அதன்படி முன்மாதிரி வண்டியைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், சென்னை ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையம் ஒன்றில் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். உங்கள் வண்டி அங்கே மூன்று சக்கர மோட்டார் வண்டிகளுக்கான 'எல்5' வகையில் வரும். பிரேக், விளக்கு, பேட்டரி, மின்பாதுகாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை. ஒரே ஒரு வண்டிக்காக இத்தனையும் செய்தால் உங்கள் இரண்டு லட்சம் எந்த மூலைக்கும் காணாது. சான்று இல்லையென்றால் பதிவு இல்லை, பதிவு இல்லையென்றால் மூன்றாம் தரப்புக் காப்பீடும் இல்லை. பீன்யாவின் உள்தெருக்களும் பொதுச்சாலைதான் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

ஆகவே நான் சொல்வது இது: நாளை முதல் ஆபீஸ் போக ஒரு வண்டி வேண்டும் என்பதுதான் தேவை என்றால், பதிவுள்ள வண்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறைக்கு ஒரு புதுத் தயாரிப்பு கிடைக்குமா என்று பார்க்கிறீர்கள் என்றால், முன்மாதிரி ஒன்றைச் செய்யுங்கள், காம்பவுண்டுக்குள்ளேயே ஓட்டுங்கள். அது தேறினால் சான்றுக்கு முதல் போடக்கூடிய கூட்டாளியைத் தேடலாம். கீழே உள்ளதெல்லாம் அந்த இரண்டாவது வழிக்கு.

உங்கள் படத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது 90 செ.மீ. அகலம். நெரிசலில் புகுந்து போகலாம் என்ற ஆசையில் குறுக்கியிருக்கிறீர்கள். ஸ்கூட்டர் குறுகலாக இருந்தும் விழாமல் போவதற்குக் காரணம், வளைவில் அது சாய்கிறது. உங்கள் வண்டி சாயாது. சாயாத வண்டி நிற்பது அகலத்தையும் தாழ்வையும் நம்பித்தான். அதிலும் மூன்று சக்கரம் என்றால் முழு அகலமும் கணக்கில் வராது. மூன்று சக்கரமும் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் முக்கோணம் வருகிறது அல்லவா? வண்டியின் எடை மையம் அந்த முக்கோணத்தின் கூர்முனைப் பக்கம் நகர நகர, இருபுறமும் இடம் குறைந்துகொண்டே போகும்.

இதற்குக் கணக்கு ரொம்பச் சுலபம். இரட்டைச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதியை எடுங்கள். ஒற்றைச் சக்கரத்திலிருந்து எடை மையம் இருக்கும் தூரத்தை வீல்பேஸால் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம்) வகுத்து, அதனால் இதைப் பெருக்குங்கள். வருவதை எடை மையத்தின் உயரத்தால் வகுங்கள். கிடைப்பதுதான் வண்டி கவிழாமல் தாங்கும் பக்கவிசை, புவியீர்ப்பின் பங்காக. உங்கள் படத்தில் முன்னால் ஒரு சக்கரம், வீல்பேஸ் 1.8 மீட்டர். ஆட்டோ மாதிரி உயரமான சீட்டில் இரண்டு பேர் என்றால் எடை மையம் 70 செ.மீ. உயரத்தில், முன் சக்கரத்திலிருந்து 1.1 மீட்டரில் வரும் என்று வைத்துக்கொள்வோம். 0.45-ஐ 0.61-ஆல் பெருக்கி 0.7-ஆல் வகுத்தால் 0.39. அதாவது 18 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்திலேயே உள்பக்கச் சக்கரம் தூக்கிவிடும். இதே அளவில் பார்த்தால், காய்ந்த தார் ரோட்டில் டயரின் பிடிப்பு 0.7, 0.8 வரைக்கும் இருக்கும். எனவே வழுக்குவதற்கு வெகு முன்பே வண்டி கவிழும். நடுவில் பிரேக்கும் போட்டால் இன்னும் மோசம். எடை முன்னால் பாயும், முன்னால் இருப்பதோ கூர்முனை.

இதையே திருப்பிப் போடுங்கள். முன்னால் இரண்டு சக்கரம் 1.3 மீட்டர் அகலத்தில், பின்னால் ஒன்று, வீல்பேஸ் 1.9. பேட்டரி தரைமட்டத்தில், சீட் தாழ்வாக, எடை மையம் 50 செ.மீ. உயரத்தில், பின் சக்கரத்திலிருந்து 1.25 மீட்டரில். இப்போது 0.85 வருகிறது. டயர் பிடிப்பைத் தாண்டிவிட்டோம். வேகம் மிஞ்சினால் வண்டி வழுக்கும், கவிழாது. பிரேக் போட்டாலும் எடை அகலமான பக்கத்துக்கே போகிறது. வழுக்குவதும் நல்லதல்லதான், ஆனால் இரண்டில் ஒன்று என்றால் வழுக்கலைத்தான் வடிவமைப்பாளர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆட்டோ முன்னால் ஒற்றைச் சக்கரத்தோடு ஊரெல்லாம் ஓடுகிறதே என்பீர்கள். ஓடுகிறது, ஆனால் அதன் எஞ்சினும் பயணிகளும் பின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள், பின் அகலமும் 90 செ.மீ. இல்லை, அதைவிட அதிகம். பெங்களூரிலேயே 1970-களில் சன்ரைஸ் நிறுவனம் 'பாதல்' என்று ஒரு மூன்று சக்கர ஃபைபர் கார் செய்தது. முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் எஞ்சின். பிறகு அவர்களே அதை நான்கு சக்கரத்துக்கு மாற்றினார்கள். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர்.200 முன்னால் இரண்டு சக்கரத்தோடு 1955-இல் வந்தது. அதில் ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர் உட்காருவார்.

அந்தப் பின்சீட்டை மட்டும் காப்பியடிக்காதீர்கள். பின்னால் ஒற்றைச் சக்கரம் இருக்கும்போது இரண்டாவது ஆளைப் பின்னால் உட்கார வைத்தால், எடை மையம் போகக் கூடாத திசையில்தான் போகும். தனியாக ஓட்டும்போது நன்றாக இருந்த வண்டி, மனைவி ஏறியதும் வேறு வண்டியாகிவிடும். காய்கறி மூட்டையைப் பின்னால் திணித்தாலும் அதே கதை. 1.3 மீட்டர் அகலம் இருப்பதால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், தோள் கொஞ்சம் இடிக்கும், அவ்வளவுதான். தனியாகப் போகும்போது எடை வலது பக்கம் சாயுமே என்றால், பேட்டரிப் பெட்டியை இடது சீட்டுக்கு அடியில் வையுங்கள். 40 கிலோ பேட்டரி அந்தச் சாய்வில் பாதிக்கு மேல் சரிக்கட்டிவிடும். சாமான் வைக்கும் இடம் கால்களுக்கு முன்னால் இருக்கட்டும்.

உதிரி பாகங்களுக்கு ஆட்டோவை மறந்துவிட்டு டாட்டா நானோவைப் பாருங்கள். அதன் எஞ்சின் பின்னால் என்பதால் முன் சக்கரங்களில், எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் தொல்லை கிடையாது. 600 கிலோ எடையுள்ள அந்தக் காரில் பாதிக்கும் குறைவுதான் முன் அச்சில் விழும். உங்கள் வண்டி இரண்டு ஆட்களோடு 390 கிலோ என்று வைத்தால் முன்னால் 255 கிலோ வாக்கில் வரும். ஆக ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்), நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்), ரேக் ஸ்டியரிங், டிரம் பிரேக் எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள ட்ராக் அகலமும் அதே 1.3 மீட்டர்தான். ஜே.சி. ரோட்டிலும் சிவாஜிநகர் குஜிரியிலும் (பழைய சாமான் சந்தை) தேடிப் பாருங்கள், பில் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள்.

பின்பக்கம் ஸ்கூட்டரின் ஸ்விங் ஆர்மை (பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கை) அப்படியே மாட்டலாம் என்று தோன்றும். பார்க்க மலிவு, ஆனால் ஸ்கூட்டர் சக்கரம் சாய்ந்து போவதால் அதன்மேல் பக்கவாட்டில் பெரிய விசை விழுவதே இல்லை. உங்கள் வண்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும் விழும். ஒரு பக்கம் மட்டும் பிடித்திருக்கும் ஆர்ம் முறுக்கும், உருண்டை முகமுள்ள டயர் ஓரத்தில் தேயும். சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் ஆர்மை நீங்களே கட்டி, மூன்று இடத்துக்கும் ஒரே 12 அங்குல கார் டயர் போடுங்கள். ஸ்டெப்னி ஒன்று வைத்தால் மூன்றுக்கும் ஆகும்.

மோட்டாருக்கு வருவோம். சமதளத்தில் 50 கி.மீ. வேகத்துக்கு இந்த வண்டிக்கு சக்கரத்தில் 2 கிலோவாட்டுக்கும் குறைவாகவே போதும். ஹெப்பாள் மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் 30 கி.மீ. வேகத்தில் ஏற இரண்டரை வரை தேவைப்படலாம். ஆகவே தொடர்ந்து 3 கிலோவாட், கொஞ்ச நேரத்துக்கு 6 தரும் மோட்டார் சரி. சிக்கல் வேறு இடத்தில்: நாகவாரா டெக் பார்க்கின் பேஸ்மென்ட் பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும் சரிவில், நின்ற இடத்திலிருந்து இரண்டு பேரோடு ஏற வேண்டும். 15 சதவீதச் சரிவுக்குச் சக்கரத்தில் 160 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் சாதாரண ஹப் மோட்டார் அங்கே திணறிச் சூடாகும். எட்டுக்கு ஒன்று குறைப்புள்ள கியரோடு (மோட்டார் எட்டுச் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று) தனி மோட்டார் வையுங்கள். ரிவர்ஸும் வேண்டும், காலால் தள்ள முடியாத எடை இது.

நின்று நின்று போகும் ரிங் ரோட்டுக்கு கிலோமீட்டருக்கு 60 வாட் மணி என்று கணக்கிட்டால் 40 கிலோமீட்டருக்கு 2.4 யூனிட். 51.2 வோல்ட், 80 ஆம்பியர் மணி எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி 4.1 யூனிட் தரும். வயதானாலும் தாங்கும். செல் வாங்கி நீங்களே கட்ட வேண்டாம். ஏ.ஐ.எஸ். 156 தரச்சான்றுள்ள பேக் வாங்கினால் பின்னால் சோதனை நிலையத்திலும் ஒரு வேலை மிச்சம். மே மாத மழையில் அண்டர்பாஸ்களில் தண்ணீர் நிற்பது உங்களுக்குத் தெரியும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும் கனெக்டர்களும் சீட் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

கூட்டுக்குச் சதுரக் குழாயில் சட்டம், மேலே ஃபைபர் அல்லது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பலகை. நம்மூர் ரேவாவும் இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் பலகை மாட்டிய மின்சாரக் கார்தான். சீட் பெல்ட்டைச் சட்டத்தில் பிணையுங்கள், ஃபைபரில் வேண்டாம். முன்கண்ணாடி லேமினேட் செய்ததாகவே இருக்க வேண்டும். பக்க ஜன்னலுக்கு மூன்று சக்கர வண்டிகளில் அக்ரிலிக் பலகையை விதி அனுமதிக்கிறது. மழையில் இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்தால் சில நிமிடங்களில் கண்ணாடி மூச்சாவியில் மங்கிவிடும். மூடிய சின்ன வண்டி செய்பவர்கள் பெரும்பாலும் முதல் மழையில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்ணாடியின் அடியில் நீளவாக்கில் காற்று அடிக்கும் 12 வோல்ட் விசிறி ஒன்றும், பின்பக்கம் மேலே காற்று வெளியேறத் திறப்பு ஒன்றும் முதலிலேயே படத்தில் வரட்டும். கதவு இருபுறமும் வேண்டும். மேலே தூக்கும் ஒரே மூடி பார்க்க அழகு, வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது.

ஒரு தொல்லைக்கு மட்டும் என்னிடம் தீர்வு இல்லை. நான்கு சக்கர வண்டி குழியை நடுவில் விட்டுத் தாண்டும். உங்கள் வண்டியில் முன் சக்கரங்கள் விட்ட குழியைப் பின் சக்கரம் பிடித்துக்கொள்ளும், அது எங்கே போகிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. பின் ஷாக் அப்சார்பரில் காசு பார்க்காதீர்கள்.

ஃபைபர் கூடு போடுவதற்கு முன்பே சட்டத்தில் மோட்டார், பேட்டரி, சீட்களை மாட்டி, ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளைக் கட்டி ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று சக்கரத்துக்கும் அடியில் தனித்தனியாகத் தராசு வைத்து எடை பாருங்கள். முன் இரண்டும் சேர்ந்து மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு காட்ட வேண்டும். பிறகு உறுதியான மேடை ஒன்றில் நிறுத்தி, சக்கரம் வழுக்காமல் கட்டை கொடுத்து, மேல்பக்கம் கயிறு கட்டி, மேடையை ஒரு பக்கமாகத் தூக்குங்கள். மேல்பக்கச் சக்கரம் கிளம்பும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய படம் 21 டிகிரியிலேயே கிளம்பிவிடும், புதியது 40 டிகிரியை ஒட்டி வர வேண்டும். மூட்டையை ஓட்டுநர் சீட்டில் மட்டும் வைத்து, வலதுபுறம் தாழும்படி இன்னொரு முறையும் பாருங்கள். 35-க்குக் கீழே வந்தால் சீட்டை இறக்குங்கள், அல்லது ட்ராக்கை அகலப்படுத்துங்கள். ஃபைபர்காரருக்கு முன்பணம் அதற்குப் பிறகு.