அத்தி இலை பறித்தவர்களின் கை ஏன் வெந்தது?

கேள்வி: ஐயா, வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஏக்கர் செம்மண்ணில் பூனா ரகச் சீமை அத்தி வைத்து மூன்றாம் ஆண்டு நடக்கிறது. சர்க்கரை நோய்க்கான பொடிக்கு இலையைக் காயவைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாகக் கன்று கொடுத்த வியாபாரி சொன்னார். போன வாரம் ஆறு பெண்களை வைத்துப் பகல் முழுவதும் இலை பறித்தோம். இரண்டாம் நாள் நால்வருக்கு முன்கையில் எரிச்சலோடு கொப்புளம் கிளம்பியது; இப்போது கருந்தழும்பாக நிற்கிறது. இலையில் வரும் துரு நோய்க்குப் பத்து நாள் முன்பு காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிர மருந்தை அடித்ததுதான் காரணம் என்கிறார் வியாபாரி. இலையில் மருந்துச் சத்து கூடுவதற்கென்று ஒரு டானிக்கும் தந்திருக்கிறார். மரமே விஷமா? டானிக் அடிக்கலாமா? காயில் வடியும் பாலுக்கும், வரப்பிலுள்ள நாட்டு அத்தியின் பட்டைக்கும் விலை உண்டா?

பதில்: முதலில் அந்தப் பெண்களைக் கவனியுங்கள். தழும்பு மறையும்வரை கையில் வெயில் படக் கூடாது. கொப்புளம் உடைந்திருந்தால் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், செலவு உங்களுடையது. பால் கறை போக எலுமிச்சம்பழம் தேய்ப்பது நம் பக்கத்து வழக்கம். அதைத் தடுத்துவிடுங்கள். வெயில் பட்டால் கையை வேகவைக்கும் இதே வில்லங்கம் எலுமிச்சைத் தோலிலும் இருக்கிறது.

நீங்கள் அடித்த மருந்து இதற்குக் காரணம் அன்று. சீமை அத்தியின் இலையிலும் இளங்கிளைச் சாற்றிலும் சோராலென், பெர்காப்டென் என்ற இரண்டு பொருள்கள் உள்ளன. அவை தோலில் பட்டு, அதன்மேல் வெயிலின் புற ஊதாக் கதிரும் விழுந்தால் தோல் வெந்துபோகும். பறித்த அன்று ஒன்றும் தெரியாமல் ஓரிரு நாள் கழித்துச் சிவந்து கொப்பளிப்பதும், பிறகு வாரக் கணக்கில் கருமை தங்குவதும் இதன் அடையாளம். வடியும் பால் வேறு கதை. அதிலுள்ள ஃபிசின் என்பது புரதத்தை அறுக்கும் நொதி; பட்டவுடனே அரிக்கும். பழுத்த சதையில் சோராலென் மிகவும் குறைவு. பழத்தை அச்சமின்றி விற்கலாம்.

மரம் விஷமும் இல்லை. சித்த மருத்துவர்கள் வெண்புள்ளிக்குக் கொடுக்கும் கார்போகரிசி என்ற விதையில் இருப்பதும் சோராலென்தான். ஆங்கில மருத்துவத்திலும் சோராலென் வகை மருந்தைக் கொடுத்து, அளந்த புற ஊதா ஒளியில் நோயாளியை நிறுத்தி அதே நோய்க்குச் சிகிச்சை செய்கிறார்கள். அங்கே மருந்துக்கும் அளவு உண்டு, ஒளிக்கும் அளவு உண்டு. உங்கள் தோட்டத்தில் இரண்டுக்கும் அளவில்லை. இனி இலையோ கிளையோ வெட்டுகிறவர்களுக்கு முழுக்கைச் சட்டையும் ரப்பர் கையுறையும் கொடுங்கள். சூரியன் ஏறுமுன் வேலையை முடித்து, உடனே சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மேகமூட்டத்தை நம்ப வேண்டாம். புற ஊதா அதையும் தாண்டி வரும்.

நீங்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. பத்து நாள் முன்பு தாமிர மருந்து அடித்த இலையை யார் கொதிக்கவைத்துக் குடிக்கப்போகிறார்கள்? தாமிரம் இலையின் மேற்பரப்பில் படிந்து நிற்கும் மருந்து. நிழலில் எத்தனை நாள் காயவைத்தாலும் அது போகாது. இலையின் எடை சுருங்கச் சுருங்க, ஒரு கிராம் பொடியில் அதன் அளவு ஏறத்தான் செய்யும். அந்தப் பொடியை வாங்குகிறவர் ஏற்கெனவே நோயாளி. கையிலிருக்கும் சரக்கை விற்காதீர்கள். நட்டம்தான், தெரிந்தே சொல்கிறேன்.

பழத்தோட்டமும் இலைத்தோட்டமும் ஒன்றாக இருக்கவே முடியாது என்று எங்கே பேசினாலும் சொல்லிவருகிறேன். அத்தியில் காய் பிடிப்பது இலைக் கணுவில். இலையைப் பறித்தால் அந்தக் காய்க்குச் சோறு போடுவது யார்? மழைக்காலத்தில் துரு வந்தால் இலை மொத்தமும் கொட்டிவிடும் என்பதால் பழத்தோட்டத்தில் மருந்து அடிக்காமல் இருக்கவும் இயலாது. இலைதான் வேண்டுமென்றால் ஓரமாகச் சில மரங்களை அதற்கென்றே ஒதுக்குங்கள். அவற்றில் காய் எதிர்பார்க்காதீர்கள். கிளைகளை வெட்டிவிடும் கவாத்துக்குப் பின் வந்த தளிர் முற்றியதும், துரு இல்லாத வறண்ட நாட்களில் பறியுங்கள். மற்ற மரங்களுக்கு அடிக்கும் மருந்து காற்றில் அங்கே போகாதபடி இடைவெளி விடுங்கள். இதற்கெல்லாம் மனமில்லையா, இலையை மறந்துவிட்டுப் பழத்தைப் பாருங்கள். புனே மாவட்டத்துப் புரந்தர் விவசாயிகள் புவிசார் குறியீடு வாங்கியது அத்திப் பழத்துக்குத்தான்.

டானிக்கைத் திருப்பிக் கொடுங்கள். அந்தப் புட்டியில் என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் இருக்கிறது என்று அச்சிட்டிருக்கிறதா? மருந்துச் சத்து என்பது பெரும்பாலும் செடி தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்குவது. யூரியாவும் டானிக்கும் கொடுத்தால் இலை அகலும், பச்சை கூடும். துருவுக்கு இடம்கொடுக்கும் கொழுந்துதான் மிஞ்சும். மக்கிய தொழுவுரமும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக அளவான நீரும் போதும்.

கன்று விற்றவரே விளைச்சலை வாங்குவதாகச் சொன்னால் அவருடைய வியாபாரம் கன்றோடு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சு கொடுத்தவரே திரும்ப வாங்குவார் என்று நம்பிப் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வளர்த்தவர்கள் 2012இல் பணத்தை இழந்து நின்றது உங்களுக்குத் தெரியும். மருந்து தயாரிக்க உரிமம் பெற்ற நிறுவனத்தின் கொள்முதல் கடிதம் இல்லாமல் ஒரு கூடை இலைகூடப் பறிக்க வேண்டாம். சர்க்கரைக்கு அத்தி இலை என்ற பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. 1998இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் இன்சுலின் போடும் 10 நோயாளிகளுக்கு இலைக் கஷாயம் கொடுத்துப் பார்த்தார்கள். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைந்தது. இன்சுலின் தேவையும் சற்றுக் குறைந்தது. ஆனால் அவர்களில் யாரும் இன்சுலினை நிறுத்திவிட்டு இலையைக் குடிக்கவில்லை. பத்துப் பேரை வைத்துப் பார்த்த ஆய்வை உறையில் அச்சடித்துப் பொடி விற்பவரை நான் மதிப்பதில்லை.

பாலுக்குச் சந்தை தேடி அலையாதீர்கள். கோ 2, கோ 5 ரகப் பப்பாளியில் பச்சைக் காயைக் கீறிப் பால் எடுக்கிறார்களே, அந்தக் காய் பெரியது, பாலும் ஒழுகும். அத்திக் காயில் வருவது சில சொட்டு. கூலிக்கே கட்டாது, கையும் அரித்துப் புண்ணாகும். மருவுக்கு இந்தப் பால் ஓரளவு கேட்கும் என்று ஆய்வு உண்டு. அதற்காக முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் நிற்க யாரையும் விடாதீர்கள்.

நாட்டு அத்திப் பட்டைக்குத் தேவை உண்மையாகவே இருக்கிறது. ஆல், அரசு, அத்தி, இத்தி நான்கும் சேர்ந்த பால்மரப் பட்டைக் கஷாயம் புண் கழுவுவதற்குப் பழைய மருந்து. அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின், புண்ணின் மேலுள்ள புரதத்தை உறையவைத்துக் கசிவைக் கட்டும். ஆனால் அடிமரத்தில் கத்தி வைக்காதீர்கள். சுற்றிலும் உரித்தால் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழி அறுந்து மரம் பட்டுப்போகும். கவாத்தில் விழும் முற்றிய கிளைகளிலிருந்து மட்டும் உரித்து, சிறு துண்டாக்கி நிழலில் உலர்த்துங்கள். அருகிலுள்ள சித்த மருந்துக் கடையில் மாதிரி காட்டி விலை கேட்டுவிட்டு, அதன் பிறகு அடுத்த கிளையை வெட்டுங்கள்.